கடையில் நிற்பவரும் கல்லாவில் இருப்பவரும்

(வணிகர்களும் இளைஞர்களும் திரளாகக் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு 'உழைப்பின் ஒழுக்கமும் நிர்வாக முறையும்'. தலைப்பைக் கேட்டதும், இது பெரிய கம்பெனி மேனேஜர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு என்று சிலர் நினைத்திருக்கலாம். இந்த அரங்கத்தில் அமர்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். ஒரு பாதிப் பேர் கடை வைத்திருப்பவர்கள். மறு பாதிப் பேர் யாருடைய கடையிலோ வேலை பார்ப்பவர்கள், அல்லது துபாயிலோ ரியாத்திலோ ஓர் அரபியின் கீழ் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேச வேண்டிய தலைப்புத்தான் இது.

நம் மேடைகளில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசாத நாளில்லை. 2006ஆம் ஆண்டு வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை நாம் ஊர் ஊராக எடுத்துச் சொன்னோம். 2007இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அதே சச்சார் அறிக்கையில் நாம் அதிகம் படித்துக் காட்டாத ஒரு பக்கம் இருக்கிறது. முஸ்லிம் உழைப்பாளிகளில் நூற்றுக்கு 61 பேர் சொந்தத் தொழில் செய்பவர்கள். மாதச் சம்பளத்தில் நிரந்தர வேலை பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அப்படி வேலை பார்க்கும் முஸ்லிம்களுடைய நிலையும் மற்றவர்களைவிட உறுதியற்றது; எழுத்துபூர்வ ஒப்பந்தமோ வேலைக்குப் பிந்தைய பாதுகாப்போ இல்லாதவர்களே அதிகம் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

இதன் பொருள் என்ன? முஸ்லிம் இளைஞன் ஒருவன் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அவன் ஏறுகிற முதல் படி பெரும்பாலும் இன்னொரு முஸ்லிமின் கடைப்படிதான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழில், மேலப்பாளையத்தில் பீடி, ஊர்தோறும் ஜவுளிக்கடை, செருப்புக்கடை, மளிகை, ஓட்டல், செல்போன் கடை. அரசாங்கத்திடம் நாம் கேட்கிற நியாயம் அந்தக் கடைப்படியில் இருக்கிறதா? இதைக் கேட்காமல் தலைமைச் செயலகத்தின் வாசலில் மட்டும் நின்று குரல் கொடுத்தால் அந்தக் குரலுக்கு வலு இருக்காது.

"ஆள் நிற்க மாட்டேங்குது பாய்!"

எந்த வியாபாரியிடம் பேசினாலும் முதல் புலம்பல் இதுதான். பையன்கள் நிற்பதில்லை. தொழில் கற்றுக் கொடுக்கிறோம், ஆறு மாதத்தில் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறான். எந்நேரமும் கையில் செல்போன். வாடிக்கையாளர் வந்து நின்றாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைப்பில் அக்கறை இல்லை. வியாபாரிகள் சொல்வது இது.

இதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இளைஞர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை ஓர் அமானிதம். எட்டு மணி நேரத்தை ஒருவருக்கு விற்றுவிட்டீர்கள். விற்ற சரக்கில் எடை குறைத்தால் அதற்குப் பெயர் என்ன? அளவையில் மோசடி செய்பவர்களைக் கண்டிக்கிற 83ஆவது அத்தியாயம் தராசு பிடிக்கிற முதலாளிக்கு மட்டும் இறங்கியதா? கொள்முதலுக்கு அனுப்பப்படுகிற ஊழியர், கம்பெனி ஏஜெண்டிடம் தனக்கென்று ஒரு கமிஷன் வாங்கிக்கொண்டு, மட்டமான சரக்கை முதலாளி தலையில் கட்டுகிறார். இது இன்று ரொம்ப சாதாரணமாகிவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். பெருமானார் மிம்பரில் ஏறினார்கள். இவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. பதவியை ஒட்டி வருகிற பணம் பதவி கொடுத்தவருக்குச் சொந்தம். கமிஷன் வாங்குகிற தம்பிமார்கள் இந்த ஒரு கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொண்டால் போதும்.

இதுவரை முதலாளிமார்கள் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

ஒரே தெருவில் இரண்டு கடைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் சம்பளம் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். ஒரு கடையில் பத்து வருடமாக அதே முகங்கள். பக்கத்துக் கடையில் மாதம் ஒரு புதுப் பையன், 'வேலைக்கு ஆள் தேவை' அட்டை கண்ணாடியை விட்டு இறங்குவதே இல்லை. இப்படிப்பட்ட கடைகள் உங்கள் ஊரிலும் இருக்கும். சம்பளம் ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் எங்கே? கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் நாக்கில் இருக்கிறது. முதல் கடைக்காரர் தவறு செய்த பையனைக் கடை சாத்திய பிறகு தனியே கூப்பிட்டுச் சொல்கிறார். இரண்டாமவர் பத்து வாடிக்கையாளர்கள் முன்னால், அவன் தாயையும் சேர்த்துத் திட்டுகிறார்.

தாயைச் சேர்த்துத் திட்டுவது என்றதும் அபூதர் (ரலி) அவர்களின் நினைவு வருகிறது. அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசிவிட்டார்கள். விஷயம் பெருமானார் காதுக்குப் போனது. அபூதர் யார்? ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற மாபெரும் ஸஹாபி. அவரிடமே, உம்மிடம் அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று கண்டித்தார்கள். உங்கள் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே உண்ணக் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்று போதித்தார்கள். பிற்காலத்தில் ரப்தா என்ற ஊரில் அபூதர் (ரலி) அவர்களைப் பார்க்கப் போன ஒருவர், அவரும் அவருடைய பணியாளரும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருப்பதைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் அபூதர் இந்தச் சம்பவத்தைச் சொன்னார்கள். ஒரு கண்டிப்பு ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டது!

நம் கடைகளில் ஊழியருக்குச் சமைக்கிற சோறு வேறு, முதலாளி வீட்டிலிருந்து வருகிற கேரியர் வேறு. எல்லாக் கடையிலும் என்று சொல்லவில்லை. உங்கள் கடையில் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும்.

உஹதுக்குப் பிறகு வந்த கட்டளை

நிர்வாக முறை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு வசனம் போதும் என்பேன். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது வசனம். அது எப்போது இறங்கியது என்பதைப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. மக்காவிலிருந்து குறைஷிப் படை வருகிறது. மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது பெருமானாரின் கருத்து. வெளியே போய்ச் சந்திக்க வேண்டும் என்று இளைஞர்கள், குறிப்பாகப் பத்ரில் கலந்துகொள்ள முடியாமல் போனவர்கள், துடித்தார்கள். ஆலோசனையில் அந்தக் கருத்து மேலோங்கியது. பெருமானார் தம் கருத்தை விட்டுக்கொடுத்துப் புறப்பட்டார்கள். உஹது மலையருகே 50 வில்வீரர்களை ஒரு குன்றின்மேல் நிறுத்தி, என்ன நடந்தாலும் இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். வெற்றி வருவது போலத் தெரிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் பொருளைச் சேகரிக்க இறங்கிவிட்டார்கள். பின்பக்கமாகக் குதிரைப்படை பாய்ந்தது. சுமார் 70 பேர் ஷஹீதானார்கள். பெருமானாருக்கே முகத்தில் காயம், பல் உடைந்தது.

இதைவிடப் பெரிய 'ஊழியர் தவறு' உலகத்தில் உண்டா? தெளிவான உத்தரவு இருந்தது, மீறினார்கள், உயிர்கள் போயின. இத்தனைக்கும் பிறகு வந்த இறைக்கட்டளை என்ன? நபியே, அல்லாஹ்வின் அருளால் நீர் மென்மையாக நடந்துகொண்டீர். கடுகடுப்பும் கல்நெஞ்சும் உடையவராக இருந்திருந்தால் இவர்கள் உம்மைச் சுற்றி நின்றிருக்க மாட்டார்கள், கலைந்து போயிருப்பார்கள். ஆகவே மன்னித்துவிடும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும், காரியங்களில் அவர்களிடம் ஆலோசனை கேளும் என்ற பொருளில் அந்த வசனம் அமைந்திருக்கிறது.

கவனியுங்கள்! அல்லாஹ்வின் தூதராக இருந்தாலுமே கடுமை காட்டினால் ஆட்கள் கலைந்து போவார்கள் என்கிறது திருமறை. வஹி இறங்கிய ஒருவரைச் சுற்றியே ஆள் நிற்காது என்றால், மாதம் பன்னிரண்டாயிரம் கொடுக்கிற நம்மைச் சுற்றி எப்படி நிற்கும்? 'ஆள் நிற்க மாட்டேங்குது' என்ற புலம்பலுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. ஆலோசனை கேட்டதால்தானே வெளியே போனோம், போய்த்தானே தோற்றோம், இனி ஆலோசனையே வேண்டாம் என்றுதான் நம் புத்தி சொல்லும். ஒரு தடவை பையனின் யோசனையைக் கேட்டு ஒரு ரகத்தை அதிகமாகக் கொள்முதல் செய்து, அது தேங்கிப் போனால், அதற்குப் பிறகு வாழ்நாளில் அவனிடம் எதையும் கேட்க மாட்டோம். திருமறையோ அந்தத் தோல்விக்குப் பிறகும் கேள் என்கிறது. எந்த நிறம் ஓடுகிறது, எந்த அளவு தீர்ந்துவிட்டது, வாடிக்கையாளர் எதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போகிறார் என்பது கல்லாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நாள் முழுக்கக் கவுண்டரில் நிற்பவனுக்குத்தான் தெரியும். அவனைக் கேட்பது பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அது வியாபாரம்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக வந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பெருமானாருக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தக் காலம் முழுவதிலும் தம்மிடம் 'சீ' என்று ஒரு சொல் சொன்னதில்லை, இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பத்து வயதுச் சிறுவன் தவறே செய்யாமல் இருந்திருப்பானா என்ன?

கூலி, அதற்குரிய நாள், அதற்குரிய கணக்கு

நல்ல வார்த்தை பேசினால் போதும், சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் அறிவிக்கிற ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது. அல்லாஹ் எதிர்வாதி என்றால் நம் சார்பில் வாதாட வக்கீல் யார்?

மத்யன் நகரத்தில் மூஸா (அலை) அவர்கள் வேலைக்குச் சேர்ந்த நிகழ்ச்சியைப் பாருங்கள் (28:26, 27). வலிமையும் நாணயமும் உள்ளவரையே வேலைக்கு வைப்பது நல்லது என்று முதியவரின் மகள் சொல்கிறாள். ஆளை எடுக்கும்போது பார்க்க வேண்டிய இரண்டே தகுதிகள். அடுத்து முதியவர் பேசுவதைக் கவனியுங்கள். எட்டு ஆண்டு வேலை, பத்தாக்கினால் அது உம் விருப்பம், உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை. காலம் எவ்வளவு என்று முதல் நாளே தெளிவு, கூடுதல் என்றால் கட்டாயமில்லை என்ற தெளிவு. நம் கடைகளில்? "சம்பளமா? முதல்ல ஒரு மாசம் வேலையைப் பார், அப்புறம் பேசலாம்." ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "நம்ம பையன் நீ, உனக்குக் குறைவு வைப்பேனா?" இந்த 'நம்ம பையன்' என்ற ஒரு வார்த்தையில் எத்தனை இளைஞர்களின் எத்தனை வருட ஊதியம் கரைந்து போயிருக்கிறது!

திருமறையின் மிக நீளமான வசனமே (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சரக்குக் கடனை வரிக்கு வரி எழுதுகிறோம். ஆளுடைய சம்பளத்தை எழுதுவதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தை வலியுறுத்துகின்றன. அரசாங்கம் இப்போது வந்து சொல்வதை நாம் ஆயிரத்து நானூறு வருடமாக ஓதிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் மனதில் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். ரமலான் வந்தால் சில முதலாளிமார்கள் கடை ஊழியர்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு கவரும் ஒரு கைலியும் கொடுக்கிறார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. கவரில் இருப்பது எந்தப் பணம்? ஜகாத் கணக்கில் எழுதிய பணம்! அதைக் கொடுத்துவிட்டு, பெருநாள் போனஸ் கொடுத்தாயிற்று என்கிறார்கள். ஊழியர் ஏழையாக இருந்தால் அவருக்கு ஜகாத் கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் சம்பளத்துக்கோ, பேசிய போனஸுக்கோ ஈடாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஜகாத் ஏழையின் பங்கு, கூலி உழைத்தவனின் பங்கு. ஒரே பணத்தில் இரண்டு கடனையும் தீர்க்கப் பார்த்தால் இரண்டும் தீராது. மேலும் ஒன்று யோசியுங்கள். வருடம் முழுவதும் நம்மிடம் முழு நேரம் உழைக்கிற ஒரு மனிதர் வருடக் கடைசியில் ஜகாத் வாங்கத் தகுதியுள்ள ஏழையாகவே இருக்கிறார் என்றால், நாம் கொடுத்த சம்பளத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது?

குகையில் மாட்டிக்கொண்ட மூவரின் நிகழ்ச்சி எல்லோருக்கும் தெரியும். மூன்றாமவர் ஒரு முதலாளி. கூலியை வாங்காமல் போய்விட்ட ஒரு வேலையாளின் சிறு தானியத்தை விதைத்து, பெருக்கி, மாடுகளாக்கி வைத்திருந்தார். பல காலம் கழித்து அவன் வந்து கேட்டபோது அத்தனையும் உன்னுடையது என்றார். கேலி செய்யாதீர் என்றான் அவன்! பாறை விலக அல்லாஹ்விடம் எடுத்துச் சொல்லத்தக்க அமலாக அந்த முதலாளி கருதியது தம் தொழுகையை அல்ல, இதைத்தான். நம் கடையை விட்டுக் கோபித்துக்கொண்டு போன பையனின் பாக்கிச் சம்பளம் நம் கணக்கில் எங்கே இருக்கிறது?

அங்கே பட்டதை இங்கே

வளைகுடாவுக்குப் போய் வந்த சகோதரர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். விமான நிலையத்திலிருந்து போனதும் பாஸ்போர்ட்டைக் கபீல் வாங்கி வைத்துக்கொண்டதை அனுபவித்திருக்கிறீர்கள். சட்டம் தடுத்திருந்தும் அது நடந்தது. மூன்று மாதம் சம்பளம் நின்றுபோய், ஊருக்குப் போன் பண்ணக் காசில்லாமல் இருந்தவர்கள் உண்டு. அதற்கெல்லாம் நாம் எவ்வளவு கொதித்தோம்! அந்த நாடுகளிலும் மெல்ல மெல்ல மாற்றம் வந்தது. அமீரகத்தில் 2009 முதல் சம்பளம் வங்கி வழியாகவே போய்ச் சேருகிறதா என்று அரசு கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. 2020இல் கத்தர் நாடு, முதலாளியின் அனுமதி இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம் என்று சட்டம் செய்தது.

அப்படி உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊருக்கு வந்து கடை திறக்கிறார் நம் சகோதரர். வேலைக்கு வந்த பையனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழை வாங்கி அலமாரியில் பூட்டுகிறார்! ஒரு மாதச் சம்பளத்தைப் 'பிடிமானமாக' நிறுத்தி வைக்கிறார். கல்லாவில் ஐந்நூறு குறைந்தால் அன்றைக்கு நின்ற மூன்று பேர் சம்பளத்திலும் பிடிக்கிறார். அரபியிடம் கற்றுக்கொண்டு வந்த தொழில் இதுதானா? அங்கே அநியாயமாக இருந்தது இங்கே நிர்வாகமாக எப்படி மாறியது?

இந்த மனப்போக்குக்கு மேலைநாட்டு அறிஞர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். டக்ளஸ் மெக்கிரிகோர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960இல் எழுதிய நூலில் நிர்வாகிகளின் எண்ணங்களை 'எக்ஸ்', 'ஒய்' என்று இரண்டாகப் பிரித்தார். மனிதன் இயல்பிலேயே வேலைக்குக் கள்ளன், விரட்டினால்தான் செய்வான் என்று நம்புவது முதல் வகை. பொறுப்பைக் கொடுத்தால் தானே ஏற்றுச் செய்வான் என்பது இரண்டாவது வகை. விசேஷம் என்னவென்றால், எப்படி நம்புகிறோமோ அப்படியே ஆளும் ஆகிவிடுகிறான். தலைக்கு மேல் நாலு கேமரா வைத்து வீட்டிலிருந்தபடியே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தால், கேமரா படாத மூலை எது என்பதைத்தான் பையன் முதலில் கற்றுக்கொள்வான். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடனைப் பிடிக்கட்டும். ஆளை வளர்க்க அதனால் முடியாது.

அதற்கு ஓராண்டு முன், 1959இல், பிரடரிக் ஹெர்ஸ்பர்க் என்பவரும் அவருடைய தோழர்களும் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் சாரம் இது: சம்பளம் குறைவு, மேலாளர் மோசம், இட வசதி இல்லை என்றால் மனிதன் வெறுப்படைவான். இவற்றைச் சரி செய்தால் வெறுப்பு நீங்கும். ஆனால் வேலையில் நிறைவு வந்துவிடாது. நிறைவு வருவது, செய்த வேலையை ஒருவர் பாராட்டும்போது, பொறுப்பு கிடைக்கும்போது, மேலே வளர வழி தெரியும்போது. இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. என்றாலும் நம் கடைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பதினைந்து வருடம் வேலை பார்த்தாலும் பில் போடும் இடத்துக்குக்கூட வர முடியாது, அது மச்சானுக்கும் மருமகனுக்கும் ஒதுக்கிய இடம் என்றால், ஒரு கெட்டிக்காரன் ஏன் நிற்பான்?

முஸ்லிம் அறிஞர்களும் இத்துறையில் உழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அப்பாஸ் அலி 1988இல் இஸ்லாமிய உழைப்பு ஒழுக்கத்தை அளக்க ஒரு கேள்விப் பட்டியலை வகுத்தார். உழைப்பு நற்குணம், சோம்பல் தீயகுணம், செயலின் மதிப்பு நிய்யத்தில் இருக்கிறது, வேலை செய்யுமிடத்தில் நீதியும் தாராளமும் வேண்டும் என்பன போன்ற கருத்துகள் அதில் இருக்கின்றன. அதை வைத்துப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. அமீரகத்தில் தர்வீஷ் யூசுப் என்பவர் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. இவ்வொழுக்கத்தில் உறுதியுள்ள ஊழியர்களுக்கு வேலையில் நிறைவும் நிறுவனத்தின் மீது பிடிப்பும் அதிகம் என்பதே இத்தகைய ஆய்வுகள் பலவற்றின் முடிவு.

இதைக் கேட்டதும் முதலாளிமார்கள் சந்தோஷப்படுவார்கள். பையன்களுக்கு வாரம் ஒரு பயான் வைத்துவிட்டால் சம்பளத்தை ஏற்றாமலே நிறைவு வந்துவிடும் போலிருக்கிறதே என்று! அவசரப்படாதீர்கள். அந்தப் பட்டியலில் நீதியும் தாராளமும் ஒரு பகுதி என்று சொன்னேன். அது யார் செய்ய வேண்டிய காரியம்? அதிகாரம் உள்ளவர்தானே நீதி செலுத்த முடியும்? பொறுமையை ஊழியருக்கும் உரிமையைத் தனக்கும் வைத்துக்கொண்டு மார்க்கத்தைச் சாட்டையாக எடுத்தால், அந்த இளைஞன் கடையை மட்டும் விட்டுப் போக மாட்டான், மார்க்கப் பேச்சைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவது நாட்டின் செழிப்பையே அழிக்கும் கொடுமை என்று 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நாற்காலி

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்று. ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும் ஆண்களும் காலை கடை திறந்ததிலிருந்து இரவு சாத்தும்வரை நின்றுகொண்டே இருப்பது வழக்கமாக இருந்தது. வாடிக்கையாளரே இல்லாத மதிய நேரத்திலும் உட்காரக் கூடாது. கேரளத்துப் பெண் ஊழியர்கள் இதை எதிர்த்துப் போராடி 2018இல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். தமிழகத்தில் 2021இல் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு மனிதப் பிறவி உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள் என்ற கட்டளையைக் கையில் வைத்திருந்த சமுதாயம் அந்தச் சட்டத்துக்கு முன்பே நாற்காலியைப் போட்டிருக்க வேண்டாமா? உங்களிடம் வேலை பார்க்கும் சகோதரிகளுக்குக் கழிவறை வசதி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதைப் பேச வெட்கப்பட்டு ஒதுக்கினால் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல்தான் நாளைக் கழிப்பார்கள்.

நம் கடைகளில் இந்து, கிறிஸ்தவ சகோதரர்களும் வேலை செய்கிறார்கள். ஜும்ஆவுக்கு நாம் போகும்போது கடையை நம்பிக்கையோடு பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் விடுமுறை கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது. அவர்கள் இஸ்லாத்தைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கப் போவதில்லை. கல்லாவில் இருக்கிற பாயைத்தான் படிக்கிறார்கள்.

நம்முடைய பள்ளிவாசல்

கடைசியாக ஒன்று. கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு இறங்கினால் அது நியாயமாகாது. நம் எல்லோருக்கும் சேர்த்து ஓர் ஊழியர் இருக்கிறார். அவர்தான் பள்ளிவாசல் இமாம். அவருக்குத் துணையாக மோதினார். ஊருக்கு ஊர் ஜமாஅத் நிர்வாகம்தான் அவர்களுக்கு முதலாளி. சுப்ஹுக்கு முன் எழுந்து இஷாவுக்குப் பின் படுக்கிற வேலை. வார விடுமுறை கிடையாது. ஊருக்குப் போக வேண்டுமென்றால் மாற்று ஆளை அவரே தேட வேண்டும். வக்பு வாரியங்களின் கீழுள்ள பள்ளிவாசல் இமாம்களுக்கு முறையான ஊதியம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. தமிழக அரசு 2009இல் உலமாக்கள், பணியாளர்களுக்காக நல வாரியம் அமைத்தது. இவ்வளவுக்குப் பிறகும், தரையில் பளிங்கு பதிக்க இலட்சக்கணக்கில் வசூலிக்கிற ஜமாஅத்துகள், இமாமின் சம்பளத்தில் ஓராயிரம் கூட்ட மூன்று கூட்டம் போடுகின்றன. செயலாளர் ஒரு பக்கம் உத்தரவிடுகிறார், முத்தவல்லி மறுபக்கம் உத்தரவிடுகிறார், ஜும்ஆ உரை பிடிக்காத செல்வந்தர் ஒருவர் ஆளையே மாற்றச் சொல்கிறார். ஒரு கடை ஊழியருக்காவது ஒரு முதலாளிதான். இமாமுக்கு ஊரெல்லாம் முதலாளி!

நம் அமைப்பின் கிளைப் பொறுப்பாளர்களில் பலர் அந்தந்த ஊர் ஜமாஅத்திலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் பள்ளிவாசல் இமாமுக்கும் மோதினாருக்கும் சம்பளம், விடுமுறை, வேலை நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நிர்வாகம் கையெழுத்திட்டு அவர்கள் கையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். எத்தனை ஊர்களில் இது முடிந்தது என்ற விவரத்தை அடுத்த செயற்குழுவில் ஒவ்வொரு கிளையும் சொல்ல வேண்டும் என்று தலைமையையும் இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.